இடையூறு இல்லை

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து மருந்தகத்தில் வேலை பார்த்த இரகுநாதனுக்குச் சிற்றலை வானொலி கேட்பது பொழுதுபோக்கு. தூர நாட்டு நிலையமொன்றைப் பிடித்து, எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்று எழுதி அனுப்பினால், அவர்கள் ஓர் அட்டை அனுப்புவார்கள். நாற்பத்தொரு நாட்டு அட்டைகள் அவரிடம் இருந்தன. பசிபிக் தீவு நிலையம் ஒன்றுதான் அகப்படவில்லை. மாலை ஐந்தரைக்கு அது வரும். வந்த உடனே கொரகொரப்பு அதை மூடிவிடும்.

கையடக்க ரேடியோவோடு நடந்து தேடியதில், சத்தம் பக்கத்தில் மரக்கறி பயிரிடும் அழகரின் லீக்ஸ் காணியிலிருந்து வந்தது. காட்டுப்பன்றிக்காக அவர் வீட்டு மின்சாரத்தை வெறுங்கம்பியில் விட்டிருந்தார். கம்பியில் புல் படப்பட ரேடியோ பொரிந்தது. அது சட்டவிரோதம் என்பது இருவருக்கும் தெரியும். இரகுநாதன் கேட்டதெல்லாம் மாலையில் ஒரு மணித்தியாலம் நிறுத்தும்படிதான்.

"ஒங்க பாட்டுக்காக நான் பன்னிக்கு விருந்து வைக்கவா சார்?" என்றார் அழகர். அடுத்த வாரத்திலிருந்து அவருடைய லீக்ஸ் கட்டுகள் மருந்தகத்துக்கு வரத் தொடங்கின. இரகுநாதன் யாரிடமும் முறையிடவில்லை.

அழகர் மின்சாரம் கொடுப்பதற்கு நேரம் காலம் கிடையாது. பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்து வீடுகளுக்குத் திரும்பும் பெண்களுக்கோ அந்தக் காணிதான் குறுக்குவழி. மருந்துக்கு வந்த கருப்பம்மா ஒருநாள் சொன்னாள்:

"ஒங்க ரேடியோதான் சார் எங்களுக்குக் காவல். கொரகொரன்னா சுத்திப் போவோம். தெளிவாப் பேசுனா குறுக்கால எறங்கிருவோம்."

அவர் சிரித்தார்.

பிறகு அவர் மரச்சட்டமொன்றில் செப்புக்கம்பி சுற்றிப் புதிய ஏரியல் செய்தார். அதைத் திருப்பித் திருப்பி, ஒரு திசையின் சத்தத்தை மட்டும் தவிர்க்கலாம். செவ்வாய்க்கிழமை ஐந்தரைக்கு மெல்லத் திருப்பியபோது, ஓரிடத்தில் கொரகொரப்பு அறவே அடங்கியது. தீவின் குரல் பக்கத்து அறையில் பேசுவதுபோல் வந்தது. ஒலியைக் கூட்டி மருந்தக யன்னலைத் திறந்துவிட்டார்.

மேல் பாதையில் கருப்பம்மா நின்று காதுகொடுத்தாள். அவரைப் பார்த்துக் கையசைத்தாள். அவரும் அசைத்துவிட்டுக் குறிப்பேட்டின் மேல் குனிந்தார். சற்றைக்குள் மேசை விளக்கு ஒருமுறை மங்கி எரிந்தது. அவர் எழுதுவதை நிறுத்தவில்லை.

இரவு எட்டு மணிக்கு, காணிக்குள் கிடந்த கருப்பம்மாவின் உடலை அவள் மகள் நிரஞ்சலா கண்டாள்.

ஏழு மணிக்குப் பிறகே கரண்ட் கொடுத்ததாகவும், கருப்பம்மா இருட்டில் லீக்ஸ் பிடுங்க வந்திருக்க வேண்டும் என்றும் அழகர் பொலிஸில் சொன்னார். "நம்பலைன்னா மருந்து சாரைக் கேளுங்க. கம்பியில கரண்ட் இருந்தா அவரு ரேடியோ கத்தும்."

மறுநாள் சார்ஜன்ட் மருந்தகத்துக்கு வந்தார். நிரஞ்சலாவும் கூடவே வந்து வாசலில் நின்றாள்.

"அம்மா அஞ்சரைக்கே அந்தப் பக்கம் வந்துச்சு சார். நீங்க யன்னல்லதானே இருந்தீங்க?"

கண்டேன் என்றால் ஏரியலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்பியைப் பற்றி மாதக்கணக்கில் தெரிந்தும் பேசாமல் இருந்ததைச் சொல்ல வேண்டும். இரகுநாதன் குறிப்பேட்டை எடுத்து நீட்டினார்.

"நான் ஒருத்தரையும் காணேல்ல. கேட்டதெல்லாம் இதில எழுதிக் கிடக்கு."

சார்ஜன்ட் வாய்விட்டு வாசித்தார். ஐந்தரை முதல் ஆறு வரை: மிகத் தெளிவு, இடையூறு இல்லை. அதைப் பிரதி எடுத்துக்கொண்டார். பிறகு நிரஞ்சலாவிடம் திரும்பி, அம்மா இதற்கு முன்பும் மரக்கறி திருடியதுண்டா என்று கேட்டார்.