லெஃப்ட் என்றால்

கப்பலிலிருந்து வந்த மெயிலில் ஒரே வரிதான். ‘கிளைட்டன் லெஃப்ட் அஸ் ஆன் டியூஸ்டே.’ கேப்டன் எழுதியிருந்தான்.

புருஷன் வேலையை விட்டு ஏதோ துறைமுகத்தில் இறங்கிவிட்டான் என்றுதான் ஜெஸ்லின் முதலில் நினைத்தாள். ஆனால் செவ்வாய்க்கிழமையிலிருந்து அவன் போன் அடிக்கவேயில்லை. மெயிலை எடுத்துக்கொண்டு, கப்பலுக்கு ஆள் அனுப்பும் நேசக்குமாரின் ஆபீசுக்குப் போனாள்.

“லெஃப்ட்னா இறங்கிட்டான்னு அர்த்தம், தங்கச்சி.” அவர் தலையை நிமிர்த்தவில்லை.

“வேற அர்த்தம் இல்லையாண்ணே?”

“செத்துட்டான்னும் சொல்லுவாவ. கேட்டு எழுதுதேன், பொறு.”

வீட்டில் மாமியார் அமலோற்பவம் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். “இறங்கிட்டாவளாம் மாமி,” என்றாள் ஜெஸ்லின்.

“அப்ப வந்துருவான்.”

அன்றிலிருந்து அந்த வீட்டில் இரண்டு கிளைட்டன்கள் இருந்தார்கள். ஒருவன் தெருவில் ஆட்டோ நிற்கும்போதெல்லாம் பையோடு இறங்கினான். வாசலுக்கு ஓடினால் ஆளில்லை. இன்னொருவன், துணி துவைக்கும்போது அவள் முதுகுக்குப் பின்னால் சொட்டச் சொட்ட நின்றான். திரும்பினால் தரை காய்ந்துதான் கிடந்தது. உப்பு வாடை மட்டும் போகவில்லை.

மூன்றாமவனைக் கொண்டுவந்தது நாத்தனார் ஜெப்ஸி. “உன்னைய விட்டுட்டு வேற எவகூடயாவது போயிட்டானோ? அதுக்கும் லெஃப்ட்னுதானே சொல்லுவாவ!”

ஜெஸ்லினுக்குக் கோபம் வரவில்லை. நேரே பனிமய மாதா கோவிலுக்குப் போய் முழந்தாள் போட்டாள். “தாயே, எவகூடயாவது போயிருக்கட்டும்,” என்று அழுதாள்.

மறுவாரம் நேசக்குமார் தானே வீட்டுக்கு வந்தார். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

“பெயின்ட் அடிக்கையில கால் வழுக்கிக் கடல்ல விழுந்துருக்கான், தங்கச்சி. இருட்டுற வரைக்கும் தேடிப் பாத்துட்டு...” மீதியை அவர் கேப்டனின் இங்கிலீஷிலேயே சொன்னார். “வீ லெஃப்ட் ஹிம்.”

உள்ளேயிருந்து வந்த அமலோற்பவத்துக்கு இங்கிலீஷ் தெரியாது. மருமகளின் முகத்தைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

“தேடுனாவளா, ஏளா?”

“இருட்டுற வரைக்கும் தேடுனாவளாம் மாமி.”

“அப்புறம்?”

“கடல்லயே விட்டுட்டுப் போயிட்டாவளாம் மாமி.”

உடல் இல்லாமலே பூசை வைத்தார்கள். பூசை முடிந்து எல்லோரும் வீடு திரும்ப, அமலோற்பவம் மட்டும் கடற்கரைக்கு நடந்து ஈரமணலில் உட்கார்ந்தாள். ஜெஸ்லின் கூப்பிடப் போனாள்.

“எம்பிள்ள கடல்ல தனியா கிடக்கான். நீ போ, நான் இங்கன இருக்கேன்.”

ஜெஸ்லின் செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.