சொந்த விருப்பத்தில் எடுத்த உளி

லேத்துகள் ஓடும் இரைச்சலில் நரெல் சுவரோரம் நின்று உளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டத்தில் ஐந்து தொங்கின. ஐந்தும் போன மாதம் இந்தப் பட்டறையில் இறந்துபோன க்ளைவ் பிடித்தவை. மத்தியானத்துக்குள் ஆறு மரக்கிண்ணம் கடைந்து காட்டினால் வேலை. இல்லையென்றால் வந்த வழியே போகலாம். அவள் வேலை பார்த்த ஆப்பிள் ஷெட்டை மூடிய பிறகு ஹூவான் பள்ளத்தாக்கில் அவளைக் கூப்பிட்ட ஒரே இடம் இதுதான். மாலை வகுப்பில் ஆறு வாரம் கடைசல் படித்ததைக் கொஞ்சம் ஊதிப் பெரிதாக்கிச் சொல்லித்தான் உள்ளே வந்திருந்தாள்.

"என்னடி, மாப்பிள்ளை பாக்க வந்தவ மாதிரி நிக்கிற? ஒண்ணை எடேன்," என்றாள் பக்கத்து லேத்தில் நின்ற கெய்லீன்.

நரெல் இருப்பதிலேயே பெரியதை எடுத்தாள். அகல வாய், கனத்த இரும்பு. பார்த்தாலே தைரியம் வந்தது. கைப்பிடியில் ஒரு கட்டைவிரல் வருஷக்கணக்காக அழுந்தித் தேய்ந்த பள்ளம் இருந்தது. அவளுடைய விரல் தானாகப் போய் அதில் உட்கார்ந்தது. யாரோ உள்ளிருந்து கையைப் பிடித்துக்கொண்டது போலிருந்தது.

கெய்லீன் லேத்தை நிறுத்திவிட்டு ஓடிவந்தாள்.

"அதை வை! முதல்ல கீழ வை."

"ஏன்? நல்லா கனமாத்தானே இருக்கு?"

"புதுசா வர்ற எல்லாரும் இதைத்தான் தூக்குவீங்க. இது நாற்காலிக் கால் கடையறதுக்கு. பாக்கத்தான் ஆனை, கைப்பிடிக்குள்ள போற வால் பென்சில் தண்டிதான். கிண்ணத்துல வெச்சா மரம் சுத்துக்கு ரெண்டு தடவை எதிர்த்து அடிக்கும். மரம் உளியைக் கவ்விக்கிச்சுன்னா, அந்த வால் கிட்டயே முறிஞ்சு இரும்பு பறக்கும்."

சொல்லும்போதே எதிர்ச்சுவரைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்டாள். புகையேறிய பலகைகளுக்கு நடுவே, தலை உயரத்தில், ஒரு பலகை மட்டும் புதிது.

"க்ளைவுக்கு இது தெரியாதா?"

"முப்பது வருசம் கடைஞ்சவனுக்கா தெரியாது? கிண்ண உளியைப் பாரு. தீட்டித் தீட்டிக் கட்டைவிரல் அளவுக்கு வந்துருச்சு. புதுசு வாங்கிக் குடுன்னு மூணு மாசம் கேட்டான். அன்னிக்கு எழுபது கிண்ணம் போயாகணும், வேற வழியில்லாம இதை எடுத்தான்."

நரெல் கையிலிருந்ததைத் திருப்பிப் பார்த்தாள். "இதுல இரும்பு புதுசா இருக்கே?"

"நாற்காலிக்கு ஆர்டர் வந்துச்சுல்ல. கைப்பிடி நல்லாத்தானே இருக்குன்னு அதுலயே மாட்டிட்டாங்க."

நரெல் அதை அவசரமாகச் சட்டத்தில் மாட்டினாள். உள்ளங்கையைக் கால்சட்டையில் இரண்டு முறை துடைத்தாள்.

முதலாளி வார்விக்கை அங்கே எல்லாரும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் கேக்கை அவரே வாங்கி வருவார். பாசத்துக்குக் குறைவில்லை.

"வார்விக், புது கிண்ண உளி ஒண்ணு வேணும். இருக்கறது தேஞ்சு போச்சு," என்று நரெல் அவர் மேசைக்குப் போய்க் கேட்டாள்.

"அடுத்த வாரம் வந்துரும்மா. இன்னிக்கு இருக்கறதை வெச்சு ஒப்பேத்து."

"பெருசை வெச்சுக் கிண்ணம் கடைஞ்சா ஆபத்தாமே..."

"பெருசை எடுன்னு நான் சொல்லவே இல்லையே. அஞ்சு தொங்குது, உனக்குத் தோதானதை நீயே எடு." அவர் சிரித்தார். "பிடிக்கலைன்னாலும் தப்பில்ல. உங்க ஷெட்டுல இருந்தவங்க இன்னும் நாலு பேரு போன் பண்ணிக்கிட்டே இருக்காங்க."

நரெலுக்குப் பயமாக இருந்தது. வேலை இல்லாமல் வீட்டுக்குத் திரும்புவது அதைவிடப் பயமாக இருந்தது. சட்டத்தில் தொங்கிய உளிகளைத் திரும்பிப் பார்த்தாள். வார்விக் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு மேசையிலிருந்து ஒரு தாளை நகர்த்தினார்.

நகலெடுத்த படிவம். 'வேலைக்குரிய உளிகளை என் சொந்த விருப்பத்தில் தேர்ந்தெடுத்துக்கொண்டேன்' என்ற வரிக்குப் பக்கத்தில் டிக் ஏற்கெனவே விழுந்திருந்தது. கீழே, பெயர் எழுதும் கோட்டில், வெள்ளை மை பூசி அழித்த ஒரு பெயர் நகலில் சாம்பலாகத் தெரிந்தது. நரெல் அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள். க்ளைவ்.

"அது மேலயே எழுதும்மா," என்று வார்விக் பேனாவை நீட்டினார். "வேற இடம் இல்ல."