டைவர்ஸ் முட்டை

சான் அன்டோனியோவின் மேற்குப் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் 'லா ஸ்வேக்ரா' சாப்பாட்டுக் கடைக்கு முன்வாசல் வழியாகப் போகிறவர்கள் வெளியாட்கள். வரிசையில் நின்று, பேர் கொடுத்து, கூட்டி வந்த நாயையும் கைக்குழந்தையையும் சமாதானம் செய்து, அப்புறம்தான் உள்ளே நுழைய முடியும். சொந்தக்காரர்களுக்குப் பின்சந்து இருக்கிறது. குப்பைத் தொட்டிகளைத் தாண்டி கம்பிவலைக் கதவை முழங்கையால் ஒரு தள்ளு தள்ளினால் நேரே அடுப்படி. டெஞ்சா அப்படித்தான் வருவாள், பூசை முடிந்த கையோடு, கோயிலுக்குப் போட்டுப் போன நல்ல செருப்போடு. அவள் அப்படி வராமல் வேறு யார் வருவது? 'லா ஸ்வேக்ரா' என்றால் மாமியார். பெயர்ப் பலகையில் கொண்டையும் முறைப்புமாக வரைந்திருப்பதே அவள் முகம்தான்.

அந்தப் பேரை வைத்தது கடையை நடத்துகிற மருமகள் மரிசேலா. டெஞ்சா அரைக்கிற சிவப்புச் சால்சாச் சட்னியின் காரம் அப்படி. முதல் வாய்க்கு ஒன்றும் தெரியாது, அப்புறம் காதைப் பிடித்துத் திருகும். "இதுக்கு வேற என்ன பேரு வைக்கச் சொல்றீங்க அத்தை?" என்று கடை திறந்த அன்றைக்கு மரிசேலா கேட்டபோது டெஞ்சா கோபம் வந்த மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீட்டுக்குப் போன கையோடு தங்கைக்குப் போன் போட்டு வாய் வலிக்கப் பெருமையடித்துக்கொண்டாள்.

உள்ளதைச் சொன்னால், டெஞ்சாவுக்குப் பெற்ற பிள்ளையை விட வந்த மருமகள்தான் ஒரு படி மேல். மகன் ரமீரோ நல்லவன், ஏசி பழுது பார்க்கிறவன், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. ஆனால் அவனிடம் ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் காபி ஆறிவிடும். மரிசேலா அப்படியில்லை. வாய்க்கு வாய் கொடுப்பாள், கோபித்துக்கொள்வாள், அடுத்த நிமிடம் சிரித்துவிடுவாள். பெண் குழந்தை இல்லாத டெஞ்சாவுக்குச் சண்டை போட ஒரு ஆள் கிடைத்ததே பெரிய கொடுப்பினை. அந்த அடுப்படியில் இரண்டு பேரும் முட்டிக்கொண்டு மோதிக்கொண்டு வேலை செய்கிற ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் அவள் மற்ற நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

போன குளிர்காலம் முழுக்க அவள் ஊரில் இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் சால்டியோவில் தங்கை படுத்த படுக்கையாகக் கிடந்தாள். கூடவே இருந்து பார்த்து, கடைசியில் அடக்கம் செய்துவிட்டு, கறுப்பு உடுப்போடு திரும்பி வந்தாள். வந்த முதல் ஞாயிறே சுவரில் இருந்த கரும்பலகை அவள் கண்ணை உறுத்தியது.

அங்கே பலகாரங்களின் பேர் எழுதியிருக்கும். நடுவில் 'டைவர்ஸ் முட்டை' என்று இருந்த இடத்தில் இப்போது 'பக்கத்து வீட்டுக்காரர்கள்' என்று இருந்தது. பண்டம் அதே பண்டம்தான். இரண்டு சோள ரொட்டி, இரண்டு பொரித்த முட்டை. ஒன்றின் மேல் சிவப்புச் சால்சா, இன்னொன்றின் மேல் பச்சைச் சால்சா. ஒன்றோடொன்று கலந்துவிடாமல் நடுவே மசித்த பீன்ஸால் ஒரு வரப்பு. உலகம் தோன்றிய நாளிலிருந்து அதற்கு டைவர்ஸ் முட்டை என்றுதான் பேர்.

"இது என்னடி கூத்து?" என்றாள் டெஞ்சா.

"ஞாயித்துக்கிழமை ஜோடி ஜோடியா வராங்க அத்தை. காலங்காத்தால டைவர்ஸ்னு படிச்சா மனசு சுருங்குதாம். இப்போ நல்லாத்தானே இருக்கு?"

"முட்டைக்கு மரியாதை பாக்கற காலம் வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டு டெஞ்சா மிளகாயை வறுக்கப் போனாள். அடுப்பில் நின்ற சமையல்காரன் லாலோ அன்றைக்கு ஏனோ தலையே நிமிரவில்லை.

வேறு சில்லறை விஷயங்களும் இருந்தன. ரமீரோ ஒருநாள் சர்க்கரை எங்கே இருக்கிறது என்று லாலோவிடம் கேட்டான். சொந்தக் கடையில் சர்க்கரை இருக்கும் இடம் தெரியாத மகனை நினைத்து அவள் தலையில் அடித்துக்கொண்டாள். இன்னொரு நாள் அவன் சாப்பிட்டு முடித்துத் தட்டுக்கு அடியில் டிப்ஸ் வைத்துவிட்டு எழுந்ததைப் பார்த்து, பிள்ளைக்கு எவ்வளவு தாராள மனசு என்று பூரித்துப் போனாள். அவளுடைய கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று தெருவே சொல்லும். அந்தத் தெரு சொன்னதை அவளும் நம்பிவிட்டாள், அதுதான் வினை.

அன்றைக்கு ஞாயிறு, கூட்டம் அலைமோதியது. வரிசை சலவைக்கடையைத் தாண்டிப் போயிருந்தது. கல்லாப் பக்கம் மரிசேலா மண்பானைக் காபியை ஊற்றிக்கொண்டிருந்தாள். ரமீரோ அம்மா பார்க்கிறாள் என்பதற்காக நான்கு கோப்பைகளைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த மேசைக்கு என்று தெரியாமல் நின்றான். டெஞ்சா அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவே இருந்த ஜன்னலில் நின்று தட்டுகளைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அப்போது தொப்பியும் தொந்தியுமாக ஒரு ஆள் ஜன்னலுக்கே நேராக வந்துவிட்டான். டல்லாஸ்காரன், முதல் தடவை.

"அம்மா, பலகையில காணோமே. டைவர்ஸ் முட்டை போட மாட்டீங்களா?"

டெஞ்சாவுக்கு உச்சி குளிர்ந்தது. பேர் தெரிந்து கேட்கிற ஆள் இன்னும் உலகத்தில் இருக்கிறான்!

"போடாம என்ன? இங்க அதுதான் விசேஷம்!" என்றவள், கூடத்தில் ஆடி அசைந்துகொண்டிருந்த இரண்டு பேரையும் முடுக்கிவிட, அடிவயிற்றிலிருந்து குரல் கொடுத்தாள்.

"ரமீரோ! மரிசேலா! டைவர்ஸ்! சீக்கிரம் ஆகட்டும்!"

கடை அப்படியே அடங்கிப் போனது.

ஒரு கரண்டிச் சத்தம் இல்லை. ஜன்னலோர மேசையில் வாராவாரம் உட்கார்கிற பழைய பஸ் டிரைவர் ரெய்னால்டோ வாயில் வைத்த ரொட்டியை மெல்ல மறந்தார். மேசை துடைக்கிற பெண் துணியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். டெஞ்சாவுக்குப் பின்னால் லாலோ "மாதாவே" என்று சிலுவை போட்டுக்கொண்டது அவள் காதில் விழுந்தது. அவ்வளவு சத்தமாகவா கத்திவிட்டோம் என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் யாரும் அவளைப் பார்க்கவில்லை. வாடிக்கைக்காரர்கள் எல்லோரும் ரமீரோவைப் பார்த்தார்கள், அப்புறம் மரிசேலாவைப் பார்த்தார்கள், அப்புறம் அவரவர் தட்டைப் பார்த்தார்கள்.

ரமீரோவின் முகத்தில் ஈயாடவில்லை. எந்தக் கேள்விக்கும் காபி ஆறும்வரை யோசிக்கிறவன், பிறந்ததிலிருந்து முதல் தடவையாக உடனே வாயைத் திறந்தான்.

"உங்களுக்கு யாரும்மா சொன்னது?"

மரிசேலா ஊற்றிய காபி கோப்பை நிறைந்து வழிந்து மேசையில் ஓடியது. அவள் கை பானையை நிமிர்த்தவே இல்லை.

டெஞ்சாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. எதை யார் சொன்னது? டைவர்ஸ் முட்டையை டல்லாஸ்காரன் சொன்னான். அதற்கு ஏன் இவன் பேயறைந்தவன் மாதிரி நிற்கிறான்? பிறகு புரிந்தது. புரிந்த பிறகும் நெஞ்சு அதை உள்ளே விடாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் வேற ஏதாவது சாப்பிட்டுக்கறேன்" என்றான் டல்லாஸ்காரன், மெதுவாக.

"நகராதே" என்றாள் டெஞ்சா. "நீங்க ரெண்டு பேரும் உள்ள வாங்க."

உள்ளே என்றால் என்ன, அதே ஜன்னல் திறந்துதான் கிடந்தது. முழுக்கடையும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"எப்போ?"

"நீங்க சால்டியோ போன மாசமேம்மா" என்றான் ரமீரோ.

"யாரு அவ?"

"அய்யோ, யாரும் இல்லம்மா. சண்டைகூட இல்ல. ராத்திரி சாப்பிட உக்காந்தா பேச ஒண்ணும் இருக்காது. ரொம்ப நாளாவே இல்ல. ஒருநாள் ரெண்டு பேரும் அதை வாய்விட்டுச் சொல்லிட்டோம்."

"எங்கேடா இருக்கே?"

அவன் சுவரைக் காட்டினான். சலவைக்கடை மாடி. பக்கத்துக் கட்டடம். டெஞ்சாவின் கண் தானாகக் கரும்பலகைக்குப் போனது. பக்கத்து வீட்டுக்காரர்கள். கொட்டை எழுத்தில், ஓரத்தில் பூ வரைந்து, ஊரே படிக்கும்படி எழுதிப் போட்டிருக்கிறார்கள். அவளும் வாராவாரம் அதன் கீழேதான் நின்றிருக்கிறாள்.

"நான்தான் மாத்தினேன் டெஞ்சாம்மா" என்றான் லாலோ. "ஒவ்வொரு தடவையும் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடணும். கூப்பிட்டா இவ முகம் செத்துடும். எனக்கு வாய் வரல."

"அப்போ போன்ல? வாராவாரம் நான் கூப்பிடறப்போ இவன் குரலும் கேட்டுச்சே!"

"நீங்க கூப்பிடற நேரத்துக்கு சுவத்தைத் தட்டுவேன் அத்தை. இறங்கி வந்துடுவார்" என்றாள் மரிசேலா.

"யார் யாருக்குத் தெரியும்?"

எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதிலேயே பதில் இருந்தது. ரெய்னால்டோ தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"பாதிரியாருக்குமா?"

"அவர் வெள்ளிக்கிழமை தவறாம இங்கதானே சாப்பிடறார்" என்று லாலோ முணுமுணுத்தான்.

டெஞ்சா மருமகளைப் பார்த்தாள். மற்றவர்கள் மறைத்ததை அவளால் தாங்க முடிந்தது. இவள் மறைத்ததைத் தாங்க முடியவில்லை. கூடப் பிறந்தவளைப் புதைத்துவிட்டு வருகிற வழியெல்லாம், போகட்டும், அந்த அடுப்படி இருக்கிறது, அவள் இருக்கிறாள் என்று நினைத்துத்தானே வந்து சேர்ந்தாள்.

"எங்கிட்ட எதையாவது மறைச்சிருக்கியாடி நீ இதுவரைக்கும்? உன் பல்வலி கூட எனக்குத்தானே முதல்ல தெரியும். இதை ஏன் மறைச்சே?"

மரிசேலா முந்தானை மாதிரி, இடுப்பில் கட்டியிருந்த முன்துணியின் நுனியை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"தங்கச்சி கிடக்கற நேரத்துல போன்ல எப்படிச் சொல்றது? வந்த பிறகு சொல்லியிருக்கணும். ஆனா சொன்னா..." துணி நுனியைக் கசக்கினாள். "சொன்னா நீங்க முன்வாசல் வழியா வர ஆரம்பிச்சிடுவீங்க. பேர் குடுத்துட்டு, மேசையில உக்காந்து, நல்லா இருக்கியாம்மான்னு கேட்டுட்டுப் போயிடுவீங்க. அத்தைன்னு கூப்பிட எனக்கு இனிமே பாத்தியதை உண்டான்னே தெரியல."

டெஞ்சா முன்துணியை அவிழ்த்தாள், மடித்தாள், ஆணியில் மாட்டினாள். கைப்பையை எடுத்தாள். அடுப்படியை விட்டுக் கூடத்துக்கு வந்து, மேசைகளுக்கு நடுவே நிமிர்ந்து நடந்து, முன்வாசல் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டாள். கதவில் கட்டியிருந்த மணி அடித்தது. அந்த மணி அவளுக்காக அடித்தது அதுதான் முதல் தடவை.

வரிசையில் நின்றவர்கள் பெயர்ப் பலகையில் இருக்கிற முகம் நிஜமாக நடந்து வருவதைப் பார்த்து விலகி வழி விட்டார்கள். டெஞ்சா நடைபாதையில் நின்று அண்ணாந்து பார்த்தாள். மாமியார் என்று எழுதியிருந்தது. யாருக்கு மாமியார்? மகன் அறுத்துக்கொண்டு போனால் மாமியாருக்கு என்ன பேர்? அப்படி ஒரு பேர் அவளுக்குத் தெரிந்த எந்த மொழியிலும் இல்லை. தெரியாத்தனமாகக் கண்ணைத் துடைத்தாள். விரலில் இருந்த மிளகாய் கண்ணில் ஏறியது. நடுத்தெருவில், கோயில் செருப்போடு, அவள் அரைத்த காரமே அவளை அழவைத்தது. அழுதாள்.

உள்ளே யாரும் சாப்பிடவில்லை. மரிசேலா அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். ரமீரோ கோப்பைகளை இன்னும் கீழே வைக்கவில்லை. பெரிய சட்டியில் சிவப்புச் சால்சா கொதித்து, தளும்பி, அடி பிடிக்க ஆரம்பித்திருந்தது.

பின்பக்கத்துக் கம்பிவலைக் கதவு முழங்கையால் இடிபட்டுத் திறந்தது.

"அடுப்பை யாரு பாக்கறது? தீயற வாசனை ஒருத்தர் மூக்குலயும் ஏறலயா?"

கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்து போய் டெஞ்சா நின்றாள். ஆணியில் இருந்த முன்துணியை எடுத்துக் கட்டிக்கொண்டாள். கரண்டியைப் பிடுங்கிச் சட்டியைத் துழாவினாள். அப்புறம் மகன் பக்கம் திரும்பினாள்.

"நீ ஏண்டா இங்க நிக்கறே?"

"அம்மா..."

"இது அடுப்படி. குடும்பத்து ஆளுங்க நிக்கற இடம். நீ பக்கத்து வீட்டுக்காரன்தானே? எழுதிப் போட்டிருக்கே, நானே படிச்சேன். முன்வாசல் வழியா போ. வரிசையில நின்னு பேர் குடு. கூப்பிட்டா வா."

ரமீரோ தாயைப் பார்த்தான், மரிசேலாவைப் பார்த்தான். கோப்பைகளை வைத்துவிட்டுப் போனான். மணி அடித்தது.

டெஞ்சா இரண்டு முட்டையை உடைத்து எண்ணெயில் விட்டாள். டல்லாஸ்காரன் நகராமல் அதே இடத்தில் நின்றிருந்தான், பாவம். அவன் தட்டில் பீன்ஸ் வரப்பை எப்போதையும் விடத் தடிமனாகக் கட்டினாள். ஒரு பக்கம் சிவப்பை ஊற்றினாள்.

"லாலோ, பலகையில பழைய பேரை எழுது. ஏண்டி, என்னையே பாத்துட்டு நின்னா இந்தப் பக்கத்துக்கு யாரு ஊத்தறது? பச்சையைக் கொண்டா."

"இதோ வரேன் அத்தை" என்றாள் மரிசேலா.

வெளியே, சலவைக்கடைக்கு முன்னால், வரிசையின் கடைசியில் ஒரு நாய்க்குப் பின்னால் ரமீரோ நின்றுகொண்டிருந்தான்.