எடுத்துக் கொடுத்த சொற்கள்

கணினித் துறையினரின் அந்தச் சின்ன மாநாட்டில் பேசப்போகிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவள் ஒரு மென்பொருள் பொறியாளர். எல்லோருக்கும் அவள் அக்காதான். நெட்வொர்க் பிரிவிலிருந்து பேச வந்தவனுக்குத் திக்குவாய். ஒத்திகையில் அவன் தடுமாறியபோதெல்லாம், பாவம் என்று அடுத்த சொல்லை அவளே எடுத்துக் கொடுத்தாள். பெரிய உதவி செய்வதாகத்தான் நினைத்தாள்.

பாதியில் அவன் மைக்கை மேசைமேல் வைத்துவிட்டான்.

"நீங்களே பே... பேசிடுங்கக்கா. எனக்குச் சொல்லத் தெரியும். நே... நேரம்தான் ஆகும்."

மற்ற பேச்சாளர்கள் மடிக்கணினியைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"தப்புதான்பா. முதல்லேருந்து ஆரம்பி, நான் வாயே திறக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

அவன் மறுபடி ஆரம்பித்தான். "ஃபயர்வால்" என்று சொல்ல வந்த இடத்தில் சிக்கிக்கொண்டான். அவளுக்கு அந்தச் சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். அறையே காத்திருந்தது. கடைசியில் அவனே அதைச் சொன்னான், மீதியையும் பேசி முடித்தான். எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள், ஆனால் அவன் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.