அப்பாவுக்காக வைத்த டைமிங்

அம்பாசிடரின் முன்சீட்டில் ஏற்றி உட்கார வைத்தால் அருணகிரியின் அழுகை நின்றுவிடும். இரண்டு வருஷமாக அதுதான் மருந்து. கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை எனும் வேர்க்கடலை வியாபாரம் பார்த்த காலத்தில் முப்பது வருஷம் அவரே ஓட்டிய வண்டி. இப்போது மகள் பெயர் நினைவில்லை, மனைவி சரோஜா செத்துப்போனதும் நினைவில்லை. பொழுது சாய்ந்தால், “வீட்டுக்குப் போவணும், சரோஜா காத்துக்குனு இருப்பா” என்று கேட்டைப் பிடித்து உலுக்குவார்.

வேங்கிக்காலில் கணக்கு டீச்சராக இருக்கும் மகள் மணிமொழி, “வாப்பா, வீட்டுக்குப் போலாம்” என்று வண்டியை எடுப்பாள். செங்கம் ரோட்டில் ரமணாசிரமம் தாண்டி ஒரு சுற்று. திரும்பி வந்து அதே கேட்டில் நிறுத்தினால், வீடு வந்துவிட்டதென்று சமத்தாக இறங்கிக்கொள்வார்.

ஆடி மாதம் வண்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. நின்ற இடத்தில் உதறியது. ரோட்டில் இழுவையே இல்லை. அதே வாரம் அப்பா வண்டிக்குள்ளேயும் அழத் தொடங்கினார். உதறலுக்குத்தான் பயப்படுகிறார் என்று மணிமொழி முடிவு கட்டினாள். வேறு காரணம் யோசிக்க அவளுக்குத் தைரியமில்லை.

மெக்கானிக் விமல்ராஜ், டிஸ்ட்ரிபியூட்டரை ஒட்டியிருந்த தட்டை டப்பாவின் டியூபை கார்புரேட்டர் பக்கம் கழற்றி, வாயில் வைத்து உறிஞ்சிப் பார்த்தான்.

“காத்து சும்மா வருது டீச்சர். உள்ள ரப்பர் கிழிஞ்சிடுச்சி. வண்டி வேகம் எடுத்தா ஸ்பார்க் கொஞ்சம் முன்னாடியே வுழணும். அதுக்குத்தான் இந்த வேக்குவம். இது போச்சுன்னா எப்படி இழுக்கும்?”

புது டப்பா சென்னையிலிருந்து வர பதினெட்டு நாளானது. அதற்குள் அப்பா ஒருமுறை வெளியே போய், கலெக்டர் ஆபீஸ் பஸ் ஸ்டாப்பில் வேட்டி நனைந்து நின்றார். துடைத்துவிடும்போது, “சரியாயிடும்பா, பார்சல் வந்துடும்” என்றாள், அவருக்குப் புரிந்துவிடும் என்பதுபோல்.

ஞாயிற்றுக்கிழமை காலை விமல்ராஜ் டப்பாவை மாட்டினான். இன்ஜினைச் சூடாக்கி, டியூபை மட்டும் கழற்றி, அதன் வாயை ஒரு ஸ்க்ரூவால் அடைத்தான். இன்ஜினின் முன்பக்கப் புல்லியிலிருந்த கோட்டின்மேல் மணிமொழி சாக்பீஸ் தேய்த்தாள். ஸ்பார்க் விழும் நேரம் பார்க்கும் டைமிங் லைட்டை முதல் பிளக் ஒயரில் மாட்டி அவள் கையில் கொடுத்தான். வெளிச்சம் வெட்டி வெட்டி விழ, சுற்றுகிற கோடு நின்றதுபோல் தெரிந்தது. பக்கத்தில் நீட்டியிருந்த முள்ளுக்கு ஒரு விரல் தள்ளி.

“டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பறேன், கோடு முள்ளுக்கு நேரா வந்ததும் சொல்லுங்க.”

“இன்னும் கொஞ்சம்... ஜாஸ்தி போயிடுச்சி... கம்மி பண்ணு. ஆங், அங்கதான்!”

இறுக்கினான். டியூபை மாட்டி ஆக்சிலேட்டர் கொடுத்ததும் கோடு விலகி முன்னே ஓடியது. உதறல் அடங்கிவிட்டது. மாதக்கணக்கில் மணிமொழி கைவைத்துச் சரியான ஒரே காரியம் அது.

சாயங்காலம் அப்பாவை ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. அவர் மடியில் கை வைத்து ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். ஆசிரமத்துக்கிட்டே போகும்போது திரும்பி அவளைப் பார்த்தார்.

“ஏம்மா, நீ யாரு? என்னை எங்க இட்டுக்கினு போற?”

“நான் மணிமொழிப்பா. வீட்டுக்குத்தான் போறோம்.”

“எம் பொண்ணு சின்னக் கொழந்த. ஸ்கூல்ல இருக்கா. என்னை எறக்கி வுட்டுடு தாயி, கும்புடறேன்.”

ஓடுகிற வண்டியில் கதவைத் திறந்துவிட்டார். அவள் அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டே பிரேக்கை மிதித்தாள். அவர் இறங்கி, காபி கடை வாசலில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரர்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றார். பின்னால் இன்ஜின் ஒரு பிசிறு இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. குறை சொல்ல அதில் எதுவுமே இல்லை. அதைக் கேட்கத்தான் அவளுக்குத் தாங்கவில்லை. சாவியைத் திருப்பி அணைத்தாள்.

அவரைத் திரும்ப ஏற்ற முக்கால் மணி நேரம் ஆனது. வழியெல்லாம் அவளை, தன்னைக் கடத்திப் போகிறவளைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் விமல்ராஜுக்கு போன் செய்தாள்.

“வண்டி எப்படி டீச்சர்?”

“நல்லா ஓடுது. லெஃப்ட் டோர்ல உள்பக்க கைப்பிடி இருக்குதில்ல, அதைக் கழட்டிடணும். அப்பாவ டாக்டர்கிட்டயாவது இட்டுக்கினு போவணுமே.”

மத்தியானம் வந்து கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனான்.