போனவன் வராத கதை

ஸ்தனிஸ்லாஸ் ஆற்றோடு போன ஆடி மாதத்திலிருந்து லூர்துமேரியால் ஒரு பக்கம்கூடப் படிக்க முடியவில்லை.

அதற்கு முன்னால் அவளைப் போலப் படிக்கிறவள் அதியமான்கோட்டையிலேயே கிடையாது. தர்மபுரியில் ஓர் ஆரம்பப் பள்ளியில் டீச்சர் வேலை. பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் மடியில் புத்தகம் விரிந்திருக்கும். மாவாட்டும்போது ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் வாரப்பத்திரிகையைப் பிரித்து, காற்றில் பறக்காமல் உழக்கைத் தூக்கி மேலே வைத்துக்கொள்வாள். தொடர்கதையில் கதாநாயகிக்கு ஜுரம் வந்தால் இவள் சாம்பாரில் உப்புப் போட மறந்துவிடுவாள். "நீ என்னையக் கட்டிக்கிட்டயா, லைப்ரரியக் கட்டிக்கிட்டயா?" என்று ஸ்தனிஸ்லாஸ் கேட்பான். கேட்டுவிட்டு அவனே டவுனிலிருந்து புதுப் பத்திரிகை வாங்கிவந்து கொடுப்பான். நெடுஞ்சாலைத் துறையில் அவனுக்கு வேலை. ரோட்டுக்குத் தார் போடும் ஆட்களை மேற்பார்வையிட வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சட்டையில் தார் வாசனை அடிக்கும்.

ஆடிப் பெருக்குக்கு ஆபீஸ் சிநேகிதர்களோடு ஒகேனக்கல் போனான். தண்ணீர் நிறைய வந்துகொண்டிருந்த வருஷம். பரிசல் ஒரு சுழியில் மாட்டிக் கவிழ்ந்தது. கூடப் போனவர்கள் பாறையைப் பிடித்துக்கொண்டு தப்பினார்கள். ஸ்தனிஸ்லாஸ் வரவில்லை. மேட்டூர் வரைக்கும் ஆள் விட்டுத் தேடினார்கள். அணைக்கட்டில் ஒதுங்கும் என்று போலீஸ்காரர்கள் சொன்னார்கள். யார் யாரோ ஒதுங்கினார்கள். அவன் ஒதுங்கவில்லை.

உடம்பு கிடைக்காததால் சாவுச் சடங்கும் நடக்கவில்லை. மாமியார் மிக்கேலம்மாள் நடக்க விடவில்லை. "எம் புள்ள எங்கியோ கரை ஏறியிருக்கறான்" என்றாள். கொள்ளேகால் பஸ் ஸ்டாண்டில் அவன் சாயலில் ஒருவனைப் பார்த்ததாக மாட்டு வியாபாரி ஒருவன் சொன்னதும் அந்த நம்பிக்கை கல்லாய் இறுகிவிட்டது. காணாமல் போனதை மீட்டுத் தருகிற அந்தோணியாருக்குச் செவ்வாய்க்கிழமை தோறும் மெழுகுவர்த்தி ஏற்றினாள். மருமகள் தாலியைத் தொடக்கூடாது, வெள்ளைச் சேலை பக்கம் போகக்கூடாது, அவன் பேருக்கு இறந்தவர் பூசை வைக்கக்கூடாது. லூர்துமேரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவளுக்கும் வேறொன்றும் தோன்றவில்லை. கணவன் செத்தவனா, ஊர் விட்டுப் போனவனா என்று தெரியாமல் அழவும் வரவில்லை.

படிக்கலாம் என்று உட்கார்ந்தாள். ஒரு வரியின் கடைசிக்குப் போய்ச் சேர்வதற்குள் அதன் முதல் சொல் எங்கோ போயிருந்தது. திரும்ப ஆரம்பித்தாலும் அதே கதிதான். புத்தகத்தை மூடிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவளைத் தேற்ற நினைத்தவர்கள் ஆளுக்கொரு புத்தகம் கொண்டுவந்தார்கள். கோயில் சாமியார் அர்ச்சியசிஷ்டவர்கள் என்கிற புனிதர்களின் சரித்திரம் கொடுத்தார். கூட வேலை பார்க்கும் முனியம்மாள் டீச்சர், "இதப் படிச்சா வயிறு வலிக்கச் சிரிப்பீங்க" என்று ஒரு நகைச்சுவை நாவலைத் திணித்தாள். மாப்பிள்ளை நெல் குதிருக்குள் ஒளிந்துகொள்கிற கதை. இரண்டும் அலமாரியிலேயே கிடந்தன.

ஒருநாள் பழைய தொடர்கதை ஒன்றின் பைண்டை எடுத்தாள். கல்யாணத்துக்கு முன்னால் ஆசை ஆசையாகப் படித்தது. பாதிக் கதையில் கதாநாயகன் வெள்ளத்தில் போகிறான். எல்லோரும் அழுகிறார்கள். கடைசி அத்தியாயத்தில் தாடியோடு திரும்பி வருகிறான். மலைவாசிகள் காப்பாற்றி வைத்திருந்தார்களாம். அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் லூர்துமேரி பைண்டைத் தூக்கி எறிந்தாள். அது மிக்கேலம்மாளின் காலடியில் போய் விழுந்தது.

"என்னாடி ஆச்சு உனக்கு?"

"எல்லாக் கதையிலயும் திரும்பி வந்துர்றாங்க அத்தை."

"வரத்தான செய்வாங்க" என்றாள் மிக்கேலம்மாள். கீழே கிடந்ததை எடுத்து, தனக்குப் படிக்கத் தெரியாத அந்தப் பக்கங்களைக் கையால் நீவி அடுக்கில் வைத்தாள்.

மறுநாள் பள்ளி விட்டதும் லூர்துமேரி கிளை நூலகத்துக்குப் போனாள். நூலகர் தீர்த்தகிரிக்கு அவளை நன்றாகத் தெரியும். சில மாதமாக ஆளைக் காணாததற்குக் காரணமும் தெரியும். எழுந்து நின்று, "வாங்க டீச்சர்" என்றார். புதிதாக வந்த குடும்ப நாவல்களை மேசைமேல் எடுத்து வைத்தார்.

"இதெல்லாம் வேண்டாங்க சார். போனவன் திரும்பி வராத கதை ஏதாவது இருக்குங்களா?"

அவர் புரியாமல் பார்த்தார்.

"செத்தா செத்ததுதான்னு எழுதின புத்தகம். கடைசியில யாரையும் கொண்டாந்து நிறுத்தக்கூடாது. சமாதானமும் சொல்லக்கூடாது."

"டீச்சர், இருக்கற கஷ்டம் போதாதுங்களா? மனசுக்கு ஆறுதலா..."

"ஆறுதலா இருக்கறதப் படிக்க முடியலங்க சார். அதனாலதான் கேக்கறன்."

தீர்த்தகிரி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு உள்ளே போய் அடித்தட்டில் குனிந்து, தடித்த ஒரு புத்தகத்தைத் தூசி தட்டிக் கொண்டுவந்தார். மேலட்டையும் முதல் சில பக்கங்களும் போய், வெறும் காலிகோ துணியில் பைண்டு செய்தது. தலைப்பும் இல்லை, எழுதினவர் பேரும் இல்லை. "ஏதோ வெளிநாட்டுக் கதையோட மொழிபெயர்ப்புங்க. எடுத்துட்டுப் போறவங்க ரெண்டாம் நாளே திருப்பிக் குடுத்துருவாங்க. எனக்கே முழுசாப் படிக்கத் தெம்பு வரல. பார்த்துக்கங்க" என்றார்.

அது ஒரு நிலக்கரிச் சுரங்கத்தின் கதை. உள்ளே தீப்பிடித்துவிடுகிறது. தீ பரவாமலிருக்க, ஆட்கள் உள்ளே இருக்கும்போதே சுரங்கத்தின் வாயை அடைத்துவிடுகிறார்கள். பெண்கள் மேலே மண்ணில் காதை வைத்துப் படுத்துக் கிடக்கிறார்கள். மற்றவர்களெல்லாம் சத்தம் கேட்கிறது, சத்தம் கேட்கிறது என்று கத்த, ஒருத்தி மட்டும் எழுந்து பாவாடை மண்ணைத் தட்டிவிட்டு இன்ஜினியரிடம் போகிறாள். உள்ளே ஒரு மனுஷன் எப்படிச் சாவான் என்று கேட்கிறாள். இன்ஜினியர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். திரும்பத் திரும்பக் கேட்கிறாள். கடைசியில் அவன் சொல்கிறான், முதலில் தலை கனக்கும், பிறகு தூக்கம் வரும் என்று எல்லாவற்றையும் சொல்கிறான்.

பஸ்ஸில் அந்த இடத்தைப் படித்துக்கொண்டிருந்த லூர்துமேரி தலை நிமிர்ந்தபோது வண்டி அதியமான்கோட்டையைத் தாண்டி நல்லம்பள்ளியில் நின்றிருந்தது. இறங்கி, புளியமரத்தடியில் நின்றபடியே மிச்சத்தைப் படித்தாள். எதிர்ப் பஸ் ஒன்று வந்து போனதையும் கவனிக்கவில்லை. கதையில் யாரும் வெளியே வரவில்லை. ஆனால் ஒவ்வொரு வரியும் கடைசிவரை அப்படியே நின்றது, ஒரு சொல்கூட நழுவவில்லை.

அதற்குப்பின் அவள் நிறுத்தவில்லை. தீர்த்தகிரியும் முகம் சுளிக்காமல் தேடித் தேடிக் கொடுத்தார். பஞ்சத்தில் பிள்ளையை விற்றவள் கதை, தூக்குக்குக் காத்திருக்கிறவன் கதை, போரில் மூன்று அண்ணன் தம்பிகளும் போன வீட்டின் கதை. மிக்கேலம்மாளுக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் மருமகளின் முகம் தெரிந்தது.

"என்னாடி அதுல போட்டிருக்குது?"

"சாவு அத்தை."

"சுமங்கலி படிக்கற புத்தகமா அது? வூட்டுக்குள்ள சாவைக் கூட்டியாராத."

லூர்துமேரி புத்தகத்தை மூடிவைத்தாள். ஆனால் அந்தச் சுரங்கத்துக்காரி இன்ஜினியரிடம் கேட்ட கேள்வி அவளுக்குள் கிடந்து அரித்தது. தான் இதுவரை யாரிடமும் அப்படிக் கேட்கவில்லை என்று பட்டது. 'உயிரோடு இருப்பாரா' என்றுதான் எல்லோரும் எல்லோரிடமும் கேட்டிருந்தார்கள்.

மார்கழியில் ஒரு சனிக்கிழமை, பென்னாகரம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறி ஒகேனக்கல் போனாள். மாமியாரிடம் பள்ளிக்கூட வேலை என்றாள். தண்ணீர் வற்றிப் பாறைகள் வெளியே தெரிந்தன. மீன் வறுக்கும் கடைகளில் கேட்டு, அன்றைக்குப் பரிசல் தள்ளிய சென்னப்பனைக் கண்டுபிடித்தாள். மணலில் பரிசலைக் கவிழ்த்துப் போட்டுத் தார் பூசிக்கொண்டிருந்தான். அந்த வாசனைக்கு அவள் இன்னும் இரண்டடி கிட்டப் போனாள்.

யார் என்று சொன்னாள். அவன் கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான்.

"அன்னிக்கே சொன்னங்களே அம்மா. எங்கியாவது கரை ஏறியிருக்கலாங்க."

"அது வேண்டாங்க. அவர் எப்படிப் போனாரு? நீங்க பார்த்தத சொல்லுங்க."

அவன் ஆற்றைப் பார்த்தான். "எதுக்குங்க அதெல்லாம்."

"நான் அவரு பொண்டாட்டிங்க. தெரிஞ்சுக்கணும்."

"தாங்குவீங்களா?"

"தெரியலங்க. சொல்லுங்க."

சென்னப்பன் அவளைக் கூட்டிக்கொண்டு பாறைமேல் ஏறினான். எதிரே இரண்டு பாறைகளுக்கு நடுவில் கறுப்பாக ஒரு சந்து தெரிந்தது. அதற்குள் தண்ணீர் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

"அதுதாங்க. பரிசல் கவுந்ததும் ஓரத்தப் புடிச்சிட்டு வந்தாரு. நான் துடுப்ப நீட்டினன். கை எட்டுச்சுங்க, வழுக்கிருச்சு. ஒருக்கா மேல வந்து என்னப் பார்த்தாரு. அப்புறம் அந்தச் சந்து இழுத்துக்கிச்சு. அடியில குகை மாதிரி போவுதுங்க. ஆடு போயிருக்குது, மரம் போயிருக்குது. எதுவும் திரும்ப வந்ததில்ல."

"ஏதாவது சொன்னாரா?"

"ஐயோன்னு ஒரு தடவ. அவ்வளவுதாங்க."

"இத ஏன் அன்னிக்கே சொல்லல?"

"உங்க மாமியா என் கால ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிட்டாங்க. கரை ஏறிட்டான்னு சொல்லுடா, சொல்லுடான்னாங்க. நான் என்னா பண்றதுங்க?"

லூர்துமேரி அந்தப் பாறையிலேயே உட்கார்ந்து அழுதாள். சென்னப்பன் சற்றுத் தள்ளி முதுகைக் காட்டி நின்றுகொண்டான். வெயில் ஏறி, பாறை சுட ஆரம்பித்த பிறகுதான் அவள் எழுந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் மறைக்காமல் சொன்னாள். மிக்கேலம்மாள் கேட்டுக்கொண்டே வந்து, சந்து என்ற சொல் வந்ததும் அவள் கன்னத்தில் அறைந்தாள்.

"எம் புள்ளயக் கொன்னுட்டு வந்துட்டயா? யாருடி உன்னைய அங்க போகச் சொன்னது? அந்தப் புத்தகமா?"

"ஆமா அத்தை."

மாமியார் அன்றே துணிகளை மூட்டை கட்டிக்கொண்டு, பொம்மிடியிலிருந்த மகள் இன்னாசியம்மாளின் வீட்டுக்குப் போய்விட்டாள். லூர்துமேரி தாலியைக் கழற்றினாள். சாமியாரைப் பார்த்து இறந்தவர் பூசை வைத்தாள். கோயிலில் சவப்பெட்டி இல்லாமல் வெறும் கறுப்புத் துணி விரித்து, சுற்றிலும் மெழுகுவர்த்தி வைத்துப் பாடினார்கள். ஊரில் பாதிப் பேர் வந்தார்கள். மீதிப் பேர், உயிரோடிருக்கிறவனுக்குப் பூசை வைத்தாளே பாவி என்று பேசினார்கள். பொம்மிடியிலிருந்து யாரும் வரவில்லை.

அடுத்த ஐப்பசி மழையில் மிக்கேலம்மாள் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று இன்னாசியம்மாள் சொல்லி அனுப்பினாள். லூர்துமேரி வாடகைக் காரில் அத்தையை அதியமான்கோட்டைக்கே கொண்டுவந்தாள். குளிக்க வைத்தாள், கஞ்சி ஊட்டினாள், படுக்கைப் புண்ணுக்கு மருந்து போட்டாள். கிழவி கஞ்சிக்கு மட்டும் வாயைத் திறப்பாள், பிறகு மூடிக்கொள்வாள்.

கார்த்திகை கடைசியில் ஒரு மத்தியானம். மருமகள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். வெளியே தூறல்.

"மேரி."

குரல் வந்ததும் திடுக்கிட்டுப் புத்தகத்தை மூடினாள். "என்னாங்க அத்தை?"

"அந்தப் பரிசல்காரன் சொன்னத சொல்லு."

"இப்ப எதுக்குங்க?"

"சொல்லு. அன்னிக்குப் பாதிலயே அடிச்சிட்டன்."

லூர்துமேரி சொன்னாள். துடுப்பு எட்டி வழுக்கியது, மேலே வந்து ஒருமுறை பார்த்தது, சந்து, அடியில் குகை. ஐயோ என்றதையும் விடவில்லை.

மிக்கேலம்மாள் கூரையைப் பார்த்தபடி கேட்டாள். கண்ணோரத்திலிருந்து நீர் காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"துடுப்பு எட்டுச்சா?"

"எட்டுச்சு அத்தை."

"அப்பன் கைதான் அவனுக்கு. எப்பவும் வேர்த்துக்கிட்டே இருக்கும்" என்றாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்க முயன்றாள், முடியவில்லை. லூர்துமேரி எழுந்து, இடுப்புக்கு அடியில் கை கொடுத்து மெதுவாகத் திருப்பிப் படுக்க வைத்தாள்.