ஒரு பன்றி போதும்

“உங்கம்மா என்ன சொன்னா?”

“சக்கரை தீந்துபோச்சாம்ப்பா.”

“அவ அப்படிப் பேசமாட்டாளே. உள்ளபடி சொல்லு.”

“பன்னி பிடிச்சுட்டு வந்த ஆளுக்குச் சக்கரை ஒரு கேடான்னு கேட்டாங்க.”

“அப்படி வா. போய்ச் சொல்லு, அந்தப் பன்னிக்கறியை அவ அண்ணன் தம்பியெல்லாம் சப்புக்கொட்டித்தான் தின்னாங்கன்னு. ஒரு வார்த்தை முழுங்கினே, தோலை உரிச்சிடுவேன்.”

டமாரிஸுக்கு அப்போது ஏழு வயது. முன்கூடத்து அப்பாவிடமிருந்து சமையற்கட்டு அம்மாவுக்கு, அங்கிருந்து மறுபடி முன்கூடத்துக்குத் தூது. மாற்றி இனிப்பாகச் சொன்னால் பொய்க்காரி என்று அடி விழும். உள்ளபடி சொன்னால், சொன்னவர்மேல் இருக்கும் கோபமெல்லாம் அவள்மேல் இறங்கும். பள்ளியில் ஆசிரியை ஒருநாள், “நீ என்ன நினைக்கிற, டமாரிஸ்?” என்று கேட்டார். அவளுக்கு ஒன்றும் வரவில்லை. வாயில் இருந்ததெல்லாம் அடுத்தவர் பேச்சு.

வருஷங்கள் ஓடி டமாரிஸும் ஒரு பிள்ளைக்குத் தாயாகிவிட்டாள். இப்போது அப்பா யோஹானிஸ் உள்ளறையில் படுத்திருந்தார். மூச்சு நின்று ஒரு மாதமாகிறது. உடம்பு கெடாமலிருக்க ஊசி போட்டு, சிவப்புத் துணி போர்த்தியிருந்தார்கள். அவர்கள் ஊர் வழக்கப்படி, எருமை வெட்டி வழியனுப்பும்வரை அவர் நோயாளிதான். செத்தவர் என்று வீட்டில் யாரும் வாய்தவறிக்கூடச் சொல்லமாட்டார்கள். வேளாவேளைக்குச் சோறும் காப்பியும் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேச வேண்டும். அது மனைவியின் வேலை.

அம்மா லெபாங் ஒருநாள்கூட அந்த அறை வாசலைத் தாண்டவில்லை. தட்டை டமாரிஸின் கையில் திணித்து, “சோறு வந்திருக்குன்னு சொல்லு” என்பாள். டமாரிஸ் எடுத்துப்போவாள். வாய் திறக்காமல் எடுத்துப்போனதற்குக் காரணம் இருந்தது. அவள் இந்த நாளுக்காகக் காத்திருந்தாள்.

இன்று சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். எந்த எருமை, எப்போது என்று பேசி முடிக்கும் நாள். பேசி முடித்ததை நோயாளியிடம் சொல்லியாக வேண்டும். சொல்ல வேண்டியவள் மனைவி. அம்மா எல்லார் முன்னாலும் அந்த அறைக்குள் போய், எதிரில் நின்று, தன் வாயால் பேசுவாள். பேச்சு வராமல் தவிப்பாள். அதை வாசலில் நின்று கண்குளிரப் பார்க்க வேண்டும். டமாரிஸ் வேறெதையும் கேட்கவில்லை.

அப்பாவின் அண்ணன், தாண்டி பெரியப்பா, தொண்டையைச் செருமினார். “நீ சொல்லு, லெபாங். தம்பிக்கு என்ன செய்யலாம்?”

“ஒரு பன்னி போதும்.”

வெற்றிலை மென்றுகொண்டிருந்த வாய்கள் நின்றன.

“பன்னியா?” என்றாள் சித்தி ரிபா. “எருமைமேல ஏறித்தான் முன்னோருங்க இருக்கிற அந்த ஊருக்குப் போகணும். பன்னிமேல ஏத்திவிட்டா மச்சான் பாதி வழியில சேத்துல உருண்டுகிட்டுக் கிடப்பாரு!”

யாரோ சிரித்துவிட்டு இருமினார்கள்.

“உருளட்டும்,” என்றாள் லெபாங். “எங்கப்பாவை அனுப்புற அன்னைக்கு எருமை கொண்டாறேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு, மூங்கில்ல பன்னியைக் கட்டித் தூக்கிட்டு வந்தாரே. ஒலிபெருக்கியில ‘மருமகன் யோஹானிஸ், பன்றி ஒன்று’ன்னு வாசிச்சாங்களே. அன்னைக்கு நான் எங்க போய் மூஞ்சியை வச்சுக்கிட்டேன்னு இங்க யாராவது கேட்டீங்களா?”

அன்றிலிருந்துதான் அவளும் யோஹானிஸும் பேசிக்கொள்வதை நிறுத்தியிருந்தார்கள்.

தாண்டி பெரியப்பா வெற்றிலைத் தட்டைத் தள்ளிவைத்தார். “சரி. உன் வாயாலேயே அவன்கிட்ட சொல்லிடு. அவனுக்குத் தெரியாம நாங்க எதுவும் செய்யமாட்டோம்.”

லெபாங்கின் கண்கள் பழக்கத்தில் மகளைத் தேடின.

“டமாரிஸ், உங்கப்பாகிட்ட...”

“கால் வலிக்குதும்மா.”

“என்னது?”

“எந்திரிக்க முடியல.”

இத்தனை வருஷத்தில் அவள் தூதுபோக மறுத்தது இதுவே முதல்முறை. அம்மாவின் கழுத்தில் நரம்பு துடிப்பதை டமாரிஸ் கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

“அப்பனுக்கேத்த மக,” என்றாள் லெபாங். பிறகு ஜன்னலோரம் திரும்பினாள். அவள் குரல் குழைந்தது. “எலிஸ், கண்ணு, இங்க வா. நீ நல்ல பிள்ளைதானே? உள்ள போய்த் தாத்தாகிட்டச் சொல்லிட்டு வா, அவருக்கு எருமை கிடையாது, பன்னிதான்னு.”

எலிஸ் டமாரிஸின் மகள். காலையில்தான் மக்காசர் நகரத்திலிருந்து தன் அப்பா மார்ட்டெனுடன் வந்திருந்தாள். எதற்கு, ஏன் என்று அவள் கேட்கவில்லை. கையிலிருந்த பிஸ்கட்டைக் கீழே வைத்தாள். முகத்திலிருந்த விளையாட்டையெல்லாம் துடைத்தெடுத்ததுபோல் ஆக்கிக்கொண்டு எழுந்தாள்.

அந்த முகத்தை டமாரிஸ் காலையிலும் பார்த்திருந்தாள். மார்ட்டென் ஒரு கை தூரத்தில் நின்றிருக்க, அவள் குழந்தையிடம், “உங்கப்பாகிட்ட சொல்லு, செருப்பை வெளியே விடச் சொல்லி” என்றபோது. குழந்தை அதை ஒரு சொல் மாறாமல் சொன்னது.

மார்ட்டென் ஆண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தான். அவனும் குழந்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

எலிஸ் உள்ளறை வாசலை நெருங்கிவிட்டாள். டமாரிஸ் எழுந்தோடி அவள் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“கால் வலி போயிடுச்சோ?” என்றாள் லெபாங்.

டமாரிஸ் அதற்குப் பதில் வைத்திருந்தாள். படுத்துக்கிடக்கிற ஆளிடம் பேசக்கூட உனக்கு ஆள் வேண்டுமா என்று சபை நடுவே கேட்க, வருஷக்கணக்கில் கூர்தீட்டிய பதில். வாயைத் திறந்தாள். அது வரவில்லை.

உள்ளே அப்பாவின் தலைமாட்டில் காலையில் வைத்த காப்பி ஆடை படிந்து கிடந்தது. இங்கே அம்மா நரைத்த தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றாள். இருவருக்கும் நடுவில், நிலைப்படியருகே, டமாரிஸ் மகளைப் பிடித்தபடி நின்றாள்.

“அம்மா,” என்றாள். குரல் அவளுக்கே கேட்காத அளவு சின்னதாக இருந்தது.

“என்ன?”

“நீங்க ரெண்டு பேரும் பேசிக்குங்கம்மா.”